கிட்ட வந்து பாருங்கள்

[காட்சி: நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம். சுவர் நிறையச் சிவப்பு.]

பெரிய படத்தைக் கண்டால் கால் தானாகப் பின்னால் போகிறது. முழுதும் கண்ணில் அடங்க வேண்டும், இப்போதெல்லாம் கைபேசியிலும் அடங்க வேண்டும். இந்தப் படத்தை வரைந்த அமெரிக்க ஓவியர் பார்னெட் நியூமன் விரும்பியது இதற்கு நேர்மாறானது. 'வீர் ஹீரோயிக்கஸ் சப்லிமிஸ்' என்ற இந்த ஓவியத்தை 1951இல் பெட்டி பார்சன்ஸ் கலைக்கூடத்தில் மாட்டியபோது, சுவரில் ஒரு குறிப்பும் ஒட்டினார். பெரிய படங்களைத் தள்ளி நின்று பார்க்கிறார்கள். இவை கிட்ட நின்று பார்ப்பதற்கானவை என்பது அதன் சாரம்.

[காட்சி: கேமரா கித்தானை நெருங்குகிறது.]

உயரம் 2.4 மீட்டர், அகலம் 5.4 மீட்டர். காவலாளி அனுமதிக்கும் அளவுக்கு நெருங்குங்கள். இரு ஓரங்களும் பார்வையிலிருந்து நழுவும். படம் எங்கே முடிகிறது என்பதே தெரியாது. இனி பக்கவாட்டில் நடங்கள். ஐந்து செங்குத்துக் கோடுகள் ஒவ்வொன்றாக எதிர்ப்படும். வெள்ளைக் கோடு சட்டென்று கண்ணில் படும். சிவப்போடு ஒட்டிய நிறமுள்ளவை அருகே போனால்தான் பிடிபடும்.

நியூமன் இவற்றை 'ஜிப்' என்றார். 1948இல், சிறிய கித்தான் ஒன்றின் நடுவே ஒட்டுநாடாவை மேலிருந்து கீழாக ஒட்டி, அதன் மேலேயே சிவப்பைப் பூசிப் பார்த்தார். அத்தோடு கை நின்றுவிட்டது. மாதக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை சிறிய படத்திலிருந்து இத்தனை பெரிய படம் மூன்றே ஆண்டுகளில் வந்தது என்பதுதான் எனக்கு வியப்பு.

1951இல் விமர்சகர்கள் எள்ளினார்கள். 1959 வரை அவர் நியூயார்க்கில் தனிக் கண்காட்சி வைக்கவில்லை.

[காட்சி: ஆம்ஸ்டர்டாம், ஸ்டெடெலிக் அருங்காட்சியகம்.]

சுவருக்குப் பெயின்ட் அடிப்பது போலத்தானே என்று கேட்பவர்களுக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது. நியூமனின் 'சிவப்பு, மஞ்சள், நீலம் என்றால் யாருக்குப் பயம்' வரிசையின் மூன்றாவது படத்தை 1986இல் ஒருவர் கத்தியால் கிழித்தார். சீரமைக்கப்பட்டு 1991இல் படம் திரும்பியது. உடனே கூச்சல் எழுந்தது: உருளையால் சிவப்பைப் பூசிவிட்டார்கள், ஆழம் போய்விட்டது என்றார்கள் விமர்சகர்கள். சீரமைத்தவர் மறுத்தார், விவகாரம் வழக்கு வரை போனது. வெறும் சிவப்புதான் என்றால், அது மாறிவிட்டதை யார் கண்டுபிடித்திருக்கப் போகிறார்கள்?