அத்தி பூக்கும் இடம்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

இறைவனின் கைவண்ணத்தை இயற்கையில் காண்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்பைக் கொடுத்தால் பேச்சாளர்கள் மலைக்குப் போவார்கள், கடலுக்குப் போவார்கள், சூரிய உதயத்தைக் காட்டுவார்கள். நானும் பல மேடைகளில் அப்படித்தான் பேசியிருக்கிறேன். எல்லாம் அழகுதான். ஆனால் வயது ஏற ஏற எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒரு தச்சர் எப்பேர்ப்பட்டவர் என்று தெரிய வேண்டுமானால் அலமாரியின் முன்பக்கத்தைப் பார்த்தால் போதாது. இழுப்பறையை வெளியே உருவி, அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். யார் கண்ணும் படாத அந்த இடத்தையும் இழைத்து வைத்திருக்கிறாரா? அங்கேதான் கை பேசும். இன்றைக்கு உங்களை அப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துப் போகிறேன்.

இதோ, இந்த மேசையில் ஒரு தட்டில் நாலைந்து அத்திக்காய் வைத்திருக்கிறேன். இப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருக்கின்றன. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்குமே, அந்த அத்தி. நாம் உலர்த்திச் சாப்பிடும் சீமையத்தி வேறு. அதில் பல வகைகளுக்கு நான் சொல்லப்போகும் கதையே கிடையாது.

எப்போதாவது நடப்பதை ‘அத்தி பூத்தாற்போல’ என்கிறோம். அத்தி பூத்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பேச்சு. உண்மையில் அத்தி காய்க்கும் ஒவ்வொரு முறையும் பூக்கிறது. பூ உள்ளே இருக்கிறது. காய் என்று நாம் நினைப்பது, நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களை உட்பக்கமாகப் பார்த்திருக்கும்படி வைத்து மூடிய ஒரு பை.

சரி, மூடிய பைக்குள் பூ இருந்தால் மகரந்தம் எப்படிப் போய்ச் சேரும்? காற்றுக்கு வழியில்லை. தேனீ நுழைய முடியாது. அதற்கென்றே ஒரு குளவி இருக்கிறது. குளவி என்றதும் கொட்டுவதை நினைக்காதீர்கள். இது இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். காயின் நுனியில் செதில் செதிலாக மூடிய ஒரு சின்னத் துளை உண்டு. பூக்கள் தயாரானதும் அத்தி ஒரு வாசனையை வெளியே விடுகிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு, வேறொரு மரத்தில் பிறந்த பெண் குளவி, மகரந்தத்தைச் சுமந்து வந்து, அந்தத் துளையில் தலையைக் கொடுத்து நெருக்கிக்கொண்டு உள்ளே போகிறது. வழி அவ்வளவு குறுகல். போகும்போதே அதன் இறகுகள் பிய்ந்து விழுந்துவிடும். உள்ளே போனது திரும்பி வராது.

இருட்டுக்குள் அது பூப்பூவாக நடந்து முட்டையிடுகிறது. இங்கேதான் நான் நின்று நின்று பார்ப்பேன். உள்ளே இருக்கும் பெண் பூக்களில், மகரந்தம் படியும் நுனியிலிருந்து சூற்பைக்கு இறங்கும் சூல்தண்டு ஒரே நீளமில்லை. தண்டு குட்டையான பூவில் குளவியின் முட்டையிடும் ஊசி அடிவரை எட்டும். அங்கே அதன் குஞ்சு வளரும். தண்டு நீண்ட பூவில் ஊசி எட்டாது; மகரந்தம் மட்டும் படியும், அது விதையாகும். குளவிக்கும் பங்கு, மரத்துக்கும் பங்கு. ஒரு நெல்லிக்காய் அளவு வீட்டுக்குள் இந்தப் பாகப்பிரிவினை வழக்கு வம்பு இல்லாமல் பல கோடி ஆண்டுகளாக நடந்துவருகிறது.

சில வாரங்களில் ஆண் குளவிகள் முதலில் வெளிவருகின்றன. அவற்றுக்கு இறகு கிடையாது, வெளியுலகைப் பார்க்கும் விதியும் கிடையாது. பெண்களோடு இணைசேர்ந்து, சேர்ந்து உழைத்து, காயின் சுவரில் ஒரு சுரங்கம் குடைந்துவிட்டு இறந்துபோகின்றன. அந்த வழியாகத்தான் பெண் குளவிகள், புதிதாய் விரிந்த ஆண் பூக்களின் மகரந்தத்தோடு வெளியேறிப் பறக்கின்றன. அவற்றுக்கு ஆயுள் ஓரிரு நாள். அந்த நேரத்துக்குள் வேறொரு மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நமீபியாவின் பாலை நிலத்தில் ஓர் அத்தி இனத்தை ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டார்கள்: இந்தத் துளிப் பூச்சிகள் காற்றில் ஏறி 160 கிலோமீட்டர் வரை போயிருக்கின்றன.

‘அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு’ என்று முகம் சுளித்துச் சொல்கிறோம். அந்தப் புழு இல்லையென்றால் அத்தி மரமே இல்லை. ஆல், அரசு உட்பட உலகத்தில் 750 இனங்களுக்கு மேல் இந்தக் குடும்பம்; பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளவி. ஆயிரத்துக்கும் அதிகமான வகைப் பறவைகளும் விலங்குகளும் இவற்றின் பழத்தைத் தின்று வாழ்கின்றன. அத்தனை வயிறுகளுக்கும் படியளப்பவன் வேலையை யார் கையில் ஒப்படைத்திருக்கிறான் பாருங்கள்.

ஒரு தம்பி போன முறை கேட்டார்: ‘ஐயா, அந்தக் குளவி உள்ளேயே சாகிறதே, இதுவா கருணை?’ நல்ல கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தச் சாவைப் பார்த்து எனக்கும் மனம் கனக்கிறது. ஆனாலும் அதில் வீணாய்ப் போனது எதுவும் என் கண்ணில் படவில்லை.

அப்புறம், இன்னோர் இருட்டறை. என் பேத்தி பிறந்த அன்று பிரசவ அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். உள்ளிருந்து வீலென்று ஒரு சத்தம். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டோம். அந்த ஒரு சத்தத்துக்குள் என்ன நடந்தது என்று பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

கருவில் குழந்தையின் நுரையீரலில் காற்றில்லை, திரவம் நிறைந்திருக்கும். பிராணவாயு தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. ஆகவே ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பிப் பெரிய பயனில்லை. அதனால் இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன வாசல் இருக்கிறது. அதற்கு ஒரு பக்கமாகத் திறக்கும் கதவும் இருக்கிறது. ரத்தத்தில் ஒரு பகுதி அந்தக் குறுக்கு வழியில் போய்விடும். குழந்தை வெளியே வந்து முதல் மூச்சை இழுத்ததும் நுரையீரல் விரிகிறது, அதன் ரத்தக் குழாய்கள் திறக்கின்றன, ரத்தம் அங்கே பாய்ந்து இடப்பக்க மேலறைக்குத் திரும்புகிறது. அங்கே அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தமே கதவைத் தள்ளிச் சாத்துகிறது. மாதக்கணக்கில் திறந்திருந்த வாசல், ஓர் அழுகையில் மூடுகிறது! அது ஒட்டிக்கொள்ள மாதங்கள் ஆகும். நம்மில் நாலில் ஒருவருக்குக் கடைசிவரை முழுக்க ஒட்டுவதில்லை, பெரும்பாலும் அதனால் தொல்லையும் இல்லை. சில குழந்தைகளுக்கு இதயத்தில் பெரிய ஓட்டையே இருந்து, மருத்துவர் கை வைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கையிலும் நான் அவன் கையைத்தான் பார்க்கிறேன்.

‘எப்படி நடக்கிறது என்று அறிவியல் சொல்லிவிட்டதே, அப்புறம் கடவுள் எதற்கு?’ என்பார்கள். எழுத்து எப்படிக் கூடிச் சொல்லாகிறது என்று தெரிந்துவிட்டால் கடிதம் எழுதியவர் இல்லையென்று ஆகிவிடுமா? மனித மரபணுத் தொகுப்பைப் படித்தறியும் திட்டம் 2003-ல் நிறைவேறியபோது அதற்குத் தலைமை வகித்தவர் பிரான்சிஸ் காலின்ஸ். இளமையில் நாத்திகர்; மருத்துவம் கற்று, நோயாளிகளின் அருகில் இருந்து, நம்பிக்கைக்கு வந்தவர். நம்பாத விஞ்ஞானிகளும் ஏராளம், அவர்களையும் மதிக்கிறேன். அத்திக்குள் குளவி என்ன செய்கிறது என்று அவர்கள் பொறுமையாகப் பார்த்துச் சொன்னதால்தான் என்னால் இங்கே நின்று பேச முடிகிறது. கோடி ஆண்டு எடுத்து உருவானது என்றால் எடுத்துக்கொள்ளட்டும். அவசரமில்லாத கை என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது. தட்டில் இருக்கும் இந்தக் காயில் ஒன்றை இப்போது பிளக்கிறேன். ஆகா, பாருங்கள், ஒன்று நடந்து வருகிறது. பழுப்பு நிறம், இறகு இன்னும் ஒட்டியபடி இருக்கிறது. மேலெல்லாம் மஞ்சளாய்த் தூள். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றுதான் கொண்டுவந்தேன், அதனால் வரிசையாக வாருங்கள். குழந்தைகள் முன்னால் வரட்டும். மூச்சு மட்டும் மெதுவாக விடுங்கள். பறந்துவிடும், அதற்கு இன்று போக வேண்டிய மரம் ஒன்று இருக்கிறது.