ஓடிபி திருப்பூருக்குப் போயிருக்கிறது

நேயர்களுக்கு வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள் ஓர் இ-சேவை மையத்தின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். இணையம் எல்லோருக்கும் எட்டுகிறதா என்பதைப் பற்றி நான் பேசப்போவதெல்லாம் அந்தப் பெஞ்சில் பார்த்ததுதான்.

போன மாதம் ஒரு பாட்டி வந்தார். முதியோர் உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். மஞ்சப் பையில் ஆதார், ரேஷன் அட்டை, பாஸ்புக் எல்லாம் பத்திரமாக இருந்தன. கையில் பட்டன் போன். அதன் முதுகில் பிளாஸ்திரி ஒட்டி அவருடைய எண்ணை எழுதியிருந்தது. கணினியில் இருந்த பெண் ஆதார் எண்ணைத் தட்டிவிட்டு, "ஓடிபி வந்திருக்கும், பார்த்துச் சொல்லுங்க பாட்டி" என்றார். பாட்டி போனைக் காதில் வைத்துக்கொண்டார். "யாரும் பேசலையேம்மா."

அப்புறம்தான் தெரிந்தது, ஆதாரில் பதிந்திருப்பது மகனுடைய எண். மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஓடிபி அங்கே போய்விட்டது. ஷிப்டு நேரத்தில் அவர் போனை எடுக்க முடியாது. இங்கே பத்து நிமிடத்தில் அது காலாவதி. மூன்று முறை அனுப்பியும் பலனில்லை.

கரண்ட் இருந்தது, சிக்னல் இருந்தது, பாட்டியிடம் போன்கூட இருந்தது. டவர் எத்தனை, போன் எத்தனை என்று எண்ணினால் இந்த இடத்தில் ஒரு குறையும் தெரியாது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21இல் நடந்தது. நாட்டில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம் என்றது. இது 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களின் கணக்கு. எங்கள் பாட்டிக்கு அதில் இடமே இல்லை.

"கத்துக்க வேண்டியதுதானே" என்பார்கள். நானும் சொன்னவன்தான். ஆனால் கற்றுக்கொண்டு சரிசெய்ய முடியாததும் உண்டு. ஆசிட் வீச்சில் கண்கள் சிதைந்தவர்கள் வங்கிக் கணக்குக்காகப் போனபோது, உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கக் கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொன்னது மென்பொருள். இமை மூட முடியாதவர் என்ன செய்வார்? இதை எதிர்த்து அவர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை எட்டும் வசதியும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழி வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஓடிபி கேட்கும் ஒவ்வொரு இடத்திலும் அப்படி ஒரு மாற்று வழி இருக்க வேண்டும் என்பேன். சலுகையாக அல்ல, பாட்டியின் உரிமையாக.

இன்னொரு வேடிக்கை. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று விளம்பரத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அன்றைக்கு நாலாவது முறை அனுப்பியபோது திருப்பூரில் டீ நேரம். மகன் போனை எடுத்து ஒவ்வோர் எண்ணாகச் சொல்ல, பாட்டி மறந்துவிடக் கூடாதே என்று, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஆறு எண்ணையும் உரக்கத் திருப்பிச் சொன்னார்.