உங்க பி95 எப்பவும் 4.75-லயே நிக்குதா? ஓபன்டெலிமெட்ரி ஹிஸ்டோகிராம் விவகாரம்

வணக்கம் மக்களே. ட்ரேஸ் (ஒவ்வொரு ரிக்வெஸ்டும் போன பாதையோட பதிவு) வீடியோல சொன்ன மாதிரி இன்னைக்கு மெட்ரிக்ஸ், அதாவது ஆப்பை அளக்குற எண்கள். ஸ்லைடு கிடையாது, வழக்கம்போல டெர்மினல்தான். பைத்தான் ஆப் ஒண்ணு, அதோட அளவுகளை வாங்கி அனுப்புற கலெக்டர் ஒண்ணு, சேமிக்க ப்ரோமிதியஸ், படமா காட்ட கிராஃபனா. அவ்வளவுதான்.

முதல்ல இந்த எண்ணைப் பாருங்க. 4.75. கிராஃபனா பேனல்ல பி95 லேட்டன்சி 4.75 செகண்ட், அதாவது 100 ரிக்வெஸ்ட்ல 95-க்கு இந்த நேரத்துக்குள்ள பதில் வருதுன்னு அர்த்தம். லோடு ஏத்தினாலும் 4.75, இறக்கினாலும் 4.75. பி50 பாருங்க, 2.5. பி99 பாருங்க, 4.95. கோடு ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேரா போகுது. ஆனா டெர்மினல்ல கர்ல் கமாண்ட் அடிச்சு ஆப்பை நேரா கூப்பிட்டா 80 மில்லிசெகண்ட்ல பதில் வந்துடுது! இது எனக்கு அவ்வளவு எரிச்சல். எர்ரர் இல்ல, வார்னிங் இல்ல, எல்லாம் பச்சையா இருக்கு, எண் மட்டும் பொய்.

எங்கிருந்து வருதுன்னு சொல்றேன். ஆப்புல இருந்து இந்த அளவுகளை எடுக்குற கருவித்தொகுப்புதான் ஓபன்டெலிமெட்ரி. அதுல ஹிஸ்டோகிராம்னா மதிப்புகளை எல்லை வச்சுப் பிரிச்சு எண்ணுறது, ஒவ்வொரு பிரிவும் ஒரு பக்கெட். அந்த ஹிஸ்டோகிராமுக்கு நீங்க எல்லை எதுவும் குடுக்கலைன்னா அதுவே ஒரு வரிசை வச்சுக்கும். 0, 5, 10, 25, 50, 75, 100, 250, 500, 750, 1000, 2500, 5000, 7500, 10000. மொத்தம் 15 எல்லை, 16 பக்கெட். பார்த்த உடனே தெரியும், மில்லிசெகண்டை மனசுல வச்சுப் போட்டது. ஆனா இப்ப கால அளவை எல்லாம் செகண்ட்ல எழுதச் சொல்றாங்க. 2023 நவம்பர்ல ஓபன்டெலிமெட்ரியோட ஹெச்டிடிபி பெயர் மரபை (எந்த அளவுக்கு என்ன பேர், என்ன அலகுங்கிற விதி) நிலையானதா அறிவிச்சாங்கல்ல, அதுல சர்வர் ரிக்வெஸ்ட் டியூரேஷனோட அலகு செகண்ட்தான். செகண்ட் சரியான முடிவு, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ப்ரோமிதியஸ் உலகத்துல எப்பவும் செகண்ட்தானே. ஆனா அந்த 15 எல்லை மட்டும் அப்படியே இருக்கு.

அப்ப என்ன ஆகும்? 0.08 செகண்ட், 0.3 செகண்ட், 2 செகண்ட், எல்லாமே 0-க்கும் 5-க்கும் நடுவுல இருக்கிற ஒரே பக்கெட்ல விழும். ப்ரோமிதியஸோட ஹிஸ்டோகிராம் குவான்டைல் ஃபங்ஷன் பக்கெட்டுக்குள்ள மதிப்பெல்லாம் சமமா பரவியிருக்குன்னு வச்சுக்கிட்டுக் கணக்குப் போடும். 5-ல 95 சதவீதம் எவ்வளவு? 4.75. 99 சதவீதம் 4.95. அதான் உங்க அழகான நேர்கோடு. உங்க டாஷ்போர்டுல இந்த மூணு எண்ணுல ஏதாவது ஒண்ணு அசையாம நிக்குதுன்னா, வேற எங்கயும் தேடாதீங்க. ஆப் வேகத்தைப் பத்தி அது ஒண்ணுமே சொல்லல.

சரி பண்ற வழிக்கு வருவோம். எனக்குப் பிடிச்சது, ஹிஸ்டோகிராமை உருவாக்குற இடத்துலயே எல்லையைக் குடுத்துடுறது. மீட்டர்ல (அளவுக் கருவிகளை உருவாக்குற ஆப்ஜெக்ட்) கிரியேட் ஹிஸ்டோகிராம் கூப்பிடும்போது பேர் 'ஆர்டர்.டியூரேஷன்', யூனிட் 'எஸ்', அதோட 'எக்ஸ்ப்ளிசிட் பக்கெட் பவுண்டரீஸ் அட்வைசரி'ங்கிற ஆர்கியுமென்ட்ல இந்த வரிசை: 0.005, 0.01, 0.025, 0.05, 0.075, 0.1, 0.25, 0.5, 0.75, 1, 2.5, 5, 7.5, 10. ஹெச்டிடிபி மரபுலயே பரிந்துரைச்ச வரிசை இது. உங்க எஸ்எல்ஓ, அதாவது நீங்க வச்சிருக்கிற வேக இலக்கு, 300 மில்லிசெகண்ட்னா 0.3-ஐயும் நடுவுல சேர்த்துடுங்க. எல்லை சரியா அங்க இருந்தாத்தான் அந்தக் கணக்கு துல்லியமா வரும். இந்த ஆர்கியுமென்ட் பழைய பதிப்புல இருக்காது, பேக்கேஜை மொதல்ல அப்டேட் பண்ணிக்குங்க.

இன்னொரு வழி வியூ. மீட்டர் ப்ரொவைடர் உருவாக்கும்போது, இந்தப் பேருள்ள கருவிக்கு இந்த எல்லைன்னு சொல்றது. வேற லைப்ரரி உருவாக்குற ஹிஸ்டோகிராமை மாத்தணும்னா இதுதான் வழி. வியூவும் அட்வைசரியும் ரெண்டும் இருந்தா வியூதான் ஜெயிக்கும். ஆனா இங்க ஒரு பள்ளம் இருக்கு, பலரும் இதுலதான் விழுறாங்க. ஆப்பை 'ஓபன்டெலிமெட்ரி-இன்ஸ்ட்ருமென்ட்' கமாண்ட் வச்சு ஓட்டினா, உங்க கோடு ஓடுறதுக்கு முன்னாடியே அது ஒரு ப்ரொவைடரை வச்சுடும். அப்புறம் நீங்க உங்க வியூவோட ஒண்ணை வச்சா, ஏற்கெனவே இருக்கிறதை மாத்த முடியாதுன்னு ஒரே ஒரு வரி வார்னிங் வரும், லாக் குப்பைல அது கண்ணுலயே படாது. உங்க வியூ போச்சு. அந்தக் கமாண்டோட ஓட்டுறவங்க, சொந்த ஹிஸ்டோகிராமுக்கு அட்வைசரி வழியே போங்க.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். மாத்திட்டு உடனே கிராஃபனாவைப் பார்க்காதீங்க. மெட்ரிக்ஸ் வெளிய போற இடைவெளி டிஃபால்ட்டா 60 செகண்ட். சோதிக்கும்போது மட்டும் 'ஓடெல்_மெட்ரிக்_எக்ஸ்போர்ட்_இன்டர்வல்' என்விரான்மென்ட் வேரியபிளை 5000-னு வையுங்க, அது மில்லிசெகண்ட். அதோட உங்க ரேட் ஜன்னல் (குவெரி பின்னோக்கிப் பார்க்குற நேரம்) 5 நிமிஷம்னா பழைய பக்கெட்டும் புதுசும் அந்த 5 நிமிஷம் கலந்து கிடக்கும், எண் தாறுமாறா வரும். பொறுங்க, பயந்துபோய் திரும்ப மாத்திடாதீங்க.

ப்ரோமிதியஸ்ல பேர் மாறி வரும், அதையும் சொல்லிடுறேன். புள்ளி அடிக்கோடு ஆகும், அலகு பின்னாடி ஒட்டிக்கும். அதாவது ஆர்டர்_டியூரேஷன்_செகண்ட்ஸ்_பக்கெட். யூனிட் 'எஸ்' போட மறந்தா 'செகண்ட்ஸ்' ஒட்டாது, டாஷ்போர்டு 'நோ டேட்டா'ன்னு காட்டும்.

எக்ஸ்பொனென்ஷியல் ஹிஸ்டோகிராம் போட்டா எல்லையே யோசிக்க வேண்டாமேன்னு கேப்பீங்க. உண்மைதான், நல்ல விஷயம். டிஃபால்ட்டா அதிகபட்சம் 160 பக்கெட், டேட்டாவுக்கு ஏத்த மாதிரி அதுவே விரிஞ்சு சுருங்கும். ஆனா அந்தப் பக்கம் ப்ரோமிதியஸ்ல இந்த வகையைச் சேமிக்கிற நேட்டிவ் ஹிஸ்டோகிராம் வசதி திறந்திருக்கணும், குவெரியையும் மாத்தி எழுதணும். அதுக்குத் தனி வீடியோ வேணும்.

கலெக்டர்ல ஒரு விஷயம். டாக்கர்ல ஓட்டுறவங்களுக்கு 4317 போர்ட்ல 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' வருதுன்னா, கலெக்டரோட 0.104 பதிப்புல இருந்து ரிசீவர் (டேட்டா வாங்குற பகுதி) லோக்கல்ஹோஸ்ட்ல மட்டும்தான் காது குடுக்குது. கன்டெய்னருக்குள்ள லோக்கல்ஹோஸ்ட்னா அந்தக் கன்டெய்னர் மட்டும்தான். ரிசீவர்ல எண்ட்பாயின்ட்டை 0.0.0.0:4317-னு நீங்களே எழுதணும். ஹெச்டிடிபின்னா 4318. பாதுகாப்புக்காகப் பண்ணாங்க, நல்ல மாற்றம், நான் ஆதரிக்கிறேன்.

லேபிள் விஷயத்துல நான் கறார்னு உங்களுக்குத் தெரியும். ஹிஸ்டோகிராம்ல யூசர் ஐடியை அட்ரிப்யூட்டா (ப்ரோமிதியஸ்ல அதுதான் லேபிள்) போடாதீங்க. இப்ப நாம வச்சது 14 எல்லை. ப்ரோமிதியஸுக்குப் போனா இன்ஃபினிட்டி பக்கெட், சம், கவுண்ட்டோட சேர்த்து ஒவ்வொரு யூசருக்கும் 17 சீரிஸ், அதாவது தனித்தனியா சேமிக்கிற எண் வரிசை. 10,000 யூசர்னா 1,70,000. யூசர் ஐடி ட்ரேஸ்ல இருக்கட்டும், அதுக்குத்தான் ட்ரேஸ்.

இப்ப பாருங்க, ரீஸ்டார்ட் பண்ணியாச்சு, 200 ரிக்வெஸ்ட் அனுப்புறேன்... ஜன்னல் நகரட்டும்... வந்துடுச்சு! பி95 0.22. பி50 0.08, கர்ல் சொன்ன அதே 80 மில்லிசெகண்ட். கோடு மேலயும் கீழயும் அசையுது பாருங்க, எனக்கு இது போதும். கான்ஃபிக் ஃபைல் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு, உங்க பேனல்ல 4.75 இருந்தா மாத்திட்டு வாங்க.