கஷ்டத்தை விடுங்கள், வேலையைச் சொல்லுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, செவ்வாய்ப்பேட்டையிலிருந்தும் குகையிலிருந்தும் பிள்ளைகளோடு வந்து அமர்ந்திருக்கும் சேலத்துப் பெருமக்களே, வணக்கம்.

பெற்றோர் தங்கள் வேலையைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? இதுதான் தலைப்பு. சொல்லியே ஆக வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "நாம் படும் பாடு பிள்ளைக்குத் தெரியக் கூடாது, அது படிப்பை மட்டும் பார்க்கட்டும்" என்றார். கைதட்டலும் வாங்கினார். பாசத்தில் சொல்கிறார், நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பேசியது நாம் படும் பாட்டைப் பற்றி. தலைப்போ நாம் செய்யும் வேலையைப் பற்றி.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வேலையைச் சொல்வதே இல்லை. கஷ்டத்தை மட்டும் தவறாமல் சொல்லிவிடுகிறோம். மார்க் குறைந்தால் போதும், "உனக்காகத்தானே ராப்பகலா கஷ்டப்படுறோம்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். அதைக் கேட்கிற பிள்ளைக்கு அப்பா என்ன செய்கிறார் என்பது தெரியாது. தான் கடன்பட்டிருக்கிறோம் என்பது மட்டும் தெரியும். எட்டு வயதில் எதற்கு அந்தக் கடன்?

"வீட்டிலேயே பட்டறை இருக்கிறது, பார்த்துத்தானே வளர்கிறார்கள், தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது?" என்றும் அண்ணன் கேட்டார். எங்கள் வீடும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுக்குப் பொடி வைத்துப் பற்றவைப்பவர். முன்னறைதான் பட்டறை. மகள் பள்ளிவிட்டு வந்து, "அப்பா, இங்க பாருங்க" என்று நோட்டை நீட்டுவாள். அவர் தலையைத் தூக்க மாட்டார். ஃபேன் போட்டால் தீ அலையும் என்று அதையும் போட விடமாட்டார். தினமும் கண்ணெதிரே நடந்த வேலையிலிருந்து அவள் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: அப்பாவுக்கு என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். வெள்ளி ஏறக்குறைய 961 டிகிரியில் உருகும். வளையத்தை ஒட்டும் பொடி அதற்குச் சற்று முன்னாலேயே உருகும். பொடி பளிச்சென்று இளகி இடுக்கில் ஓடுகிற அந்த நொடியில் தீயை விலக்க வேண்டும். தவறவிட்டால் வளையமே உருகிச் சுருண்டுவிடும். "நீ கூப்பிடுற நேரம் அந்த நொடியா இருந்தா நான் எப்படிம்மா திரும்புவேன்?" என்றார். இப்போது அவள் கொஞ்சம் தள்ளி நின்று, "ஓடிருச்சாப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் நோட்டை நீட்டுகிறாள். பட்டறைக் குப்பையைப் பாட்டி ஏன் வெளியே கொட்ட விடுவதில்லை என்பதும் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தூசியில் வெள்ளித் துகள் இருக்கிறது, அதற்கும் விலை உண்டு.

நான் ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கிழங்கு வரத்துக் காலத்தில் வீடு திரும்ப இருட்டிவிடும். "ஏன் லேட்டு?" என்று கேட்டால் முன்பெல்லாம் "வேலை" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவேன். பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்க ஆரம்பிக்கும். அதனால் வந்த லாரியை நாளைக்கு வா என்று திருப்ப முடியாது. எடை போட்டு, மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, விவசாயிக்கு அன்றே பில் போட வேண்டும். இதைச் சொன்ன பிறகு "ஏன் லேட்டு" போய், "இன்னிக்கு எத்தனை லாரிம்மா?" வந்துவிட்டது. நேரம் அதேதான். ஆனால் அந்த நேரத்தில் அம்மா எங்கே இருக்கிறாள் என்று குழந்தைக்குத் தெரிகிறது.

ஐ.டி.யில் இருக்கும் எதிரணித் தம்பி, "என் வேலையை என் அம்மாவுக்கே விளக்க முடியவில்லை" என்றார். தம்பி, மென்பொருளை விளக்க வேண்டாம். நீங்கள் ஒருநாள் அதைச் செய்யாவிட்டால் யாருக்கு என்ன நின்றுபோகும்? அதைச் சொல்லுங்கள், ஐந்து வயதுக்கும் புரியும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் தாய் இதை எளிதாகச் சொல்லிவிடுவாள்: சிவந்த பழம் காத்திருக்காது, பறிக்காமல் விட்டால் உதிர்ந்துவிடும்.

கடைசியாக ஒரு பயம், இது நியாயமான பயம்: சொல்லிக்கொடுத்தால் பிள்ளையும் இதே பட்டறையில் உட்கார்ந்துவிடுமே? 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். நானும் தீயைக் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. என் மகள் டீச்சராக வேண்டும் என்கிறாள். ஆகட்டும். ஆனால் பள்ளிப் படிவத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று எழுதிவந்தவள், இந்த வருடம் யாரையும் கேட்காமல் "கொலுசு பற்றவைப்பவர்" என்று எழுதினாள்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி. முன்வரிசையில் இருக்கும் உங்கள் பிள்ளைகளை மேடைக்கு அழைத்து, "நேற்று முழுக்க உங்க அப்பா, அம்மா என்ன வேலை செய்தார்கள்?" என்று நடுவர் கேட்டால், அவர்களிடமிருந்து என்ன பதில் வரும்?