காரை விட்டுச் சைக்கிளில் ஏறிய சியாட்டில் போலீஸ்

வணக்கம். 1987-ம் வருஷம், அமெரிக்காவின் சியாட்டில் நகரம். நடு ஊரில் பஸ் போவதற்குச் சுரங்கப்பாதை தோண்ட ஆரம்பித்திருந்தார்கள். பார்க்கும் இடமெல்லாம் பள்ளம், தடுப்பு, நெரிசல். சைரன் அலறினாலும் போலீஸ் கார் நகராது; நாலு தெரு தள்ளி நடந்த திருட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் திருடியவன் ஊரைத் தாண்டியிருப்பான். அப்போதுதான் பால் கிரேடி, மைக் மில்லர் என்ற இரண்டு காவலர்கள் மவுண்டன் பைக்கில், அதாவது கரடுமுரடான பாதையிலும் ஓட்டக்கூடிய சைக்கிளில், ரோந்துக்கு இறங்கினார்கள்.

சைக்கிள் போலீஸ் அதற்கு முன்பே உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட் நியூயார்க்கில் போலீஸ் கமிஷனராக இருந்த 1895-லேயே ஒரு சைக்கிள் படை அமைத்தார். 1899-ல் மணிக்கு 12 மைல், அதாவது சுமார் 19 கிலோமீட்டர் வேகத்தில் பறந்த மின்சார டாக்சியின் டிரைவரைப் பிடித்தது சைக்கிளில் வந்த காவலர்தான்! அப்புறம் கார்கள் பெருகின, சைக்கிள் ஓரங்கட்டப்பட்டது. அதை மறுபடி தெருவுக்குக் கொண்டுவந்த பெருமை சியாட்டிலுக்குத்தான் சேரும். மற்ற நகரங்களும் அதே வழியில் வர, 1992-ல் சைக்கிள் போலீஸுக்கென்றே ஒரு பன்னாட்டுச் சங்கம் உருவானது.

(காட்சி: பயிற்சி மைதானம், வரிசையாக ஆரஞ்சு நிறக் கூம்புகள்)

சைக்கிள் போலீஸுக்குத் தரும் பயிற்சியில் வேகத்தைவிட மெதுவாக ஓட்டுவதுதான் கஷ்டம். கூம்புகளுக்கு நடுவே காலை ஊன்றாமல், கிட்டத்தட்ட நடை வேகத்தில் வளைந்து வளைந்து போக வேண்டும், ஏனென்றால் கூட்டத்துக்குள் போகும்போது அதுதான் வேலைக்கு ஆகும். படிக்கட்டில் இறங்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது: சீட்டிலிருந்து எழுந்து, இடுப்பைப் பின்சக்கரத்துக்கு மேலே தள்ளி, இரண்டு பெடலையும் சமமட்டத்தில் வைத்து, முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் இறங்க வேண்டும்.

சத்தம் இல்லாததால் பக்கத்தில் வரும்வரை யாருக்கும் தெரியாது என்பது ஒரு லாபம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, காரில் இருப்பதுபோல நடுவில் ஜன்னல் கண்ணாடி இல்லை. கடை வாசலில் நிற்பவர் சும்மா கூப்பிட்டாலே பேசலாம். அமெரிக்க நகரங்களில் ரோந்துக் காவலர்கள் கூடவே போய்க் கணக்கெடுத்த ஓர் ஆய்வில், காரில் போனவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான மக்களோடு சைக்கிள்காரர்களுக்குத் தொடர்பு ஏற்பட்டது தெரியவந்தது.

சரி, இதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அதே சைக்கிள்களைக் குறுக்கே வரிசையாக நிறுத்தி வேலி போல ஆக்கிக் கூட்டத்தைத் தள்ளவும் செய்கிறார்கள். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் கொன்றதை எதிர்த்து அமெரிக்காவில் நடந்த 2020 போராட்டங்களில் இதைப் பார்த்து மக்கள் கொதித்தபோது, ஃபூஜி சைக்கிள்களின் வட அமெரிக்க விநியோக நிறுவனம் போலீஸுக்கு விற்பதையே நிறுத்திவைத்தது. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பேச வசதியாக இருக்கிறது என்று கொண்டுவந்த சைக்கிளால் ஆளை இடித்தால், அதன் மேல் இருந்த நம்பிக்கைதான் முதலில் போகும்.