எல்லாரும் ஃபார்வேர்ட் ஆடினால் பேக் யார் ஆடுவது?

(வடசென்னையில் கோடைக் கால்பந்து முகாம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறன்று, பெற்றோர்களுக்கும் முகாமில் உதவ வந்திருக்கும் இளைஞர்களுக்கும் பேசியது. பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் குறைத்து எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கரகரக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அது நின்றுபோனாலும் கவலையில்லை, மைதானத்தில் கத்திப் பழகிய தொண்டைதான்.

முகாமின் முதல் நாள் எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரு கேள்வி கேட்பேன். "நீ எந்த இடத்துல ஆடுவே?" போன வருஷம் ஏறக்குறைய 40 பேர் வந்தார்கள். வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் ஃபார்வேர்ட், ஃபார்வேர்ட், ஃபார்வேர்ட். எல்லாருக்கும் முன்னால் நின்று கோல் அடிக்க வேண்டும். "பேக்" (பின்னால் நின்று தடுக்கிறவர்) என்று சொன்னது இரண்டே பேர். ஒருவன், அவன் அண்ணன் பேக் ஆடுகிறான் என்பதற்காகச் சொன்னான். இன்னொன்று ஒன்பது வயசுப் பெண். "என்னால வேகமா ஓட முடியாது சார், அதனால பேக்" என்றாள்.

அந்தப் பதில் ரொம்ப நாள் என்னை உறுத்தியது. ஓட முடியாதவர்கள் நிற்கும் இடம் பேக் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நாம்தான். தெருவில் ஆடும்போது நன்றாக ஆடுகிறவன் முன்னால் போவான், சுமாரானவன் பின்னால் நிற்பான், குண்டாக இருக்கிறவனைக் கோலில் நிறுத்திவிடுவோம். முப்பது வருஷத்துக்கு முன்னால் நானும் இதைத்தான் செய்தேன். என்னைக் கோலில் நிறுத்தினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த இடத்தில் ஜர்னைல் சிங் கதையைச் சொல்லியாக வேண்டும். உதவிக்கு வந்திருக்கும் தம்பி தங்கச்சிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியுமோ. 1962, ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. ஜர்னைல் சிங் நம் இந்திய அணியின் டிஃபெண்டர், அதாவது பேக். தாய்லாந்துடன் நடந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். அந்தத் தலையோடு இருக்கிறவரைப் பயிற்சியாளர் ரஹீம் அரையிறுதியில் முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். இறுதி ஆட்டத்தில் தென் கொரியா. முதல் கோல் பி.கே. பானர்ஜி, இரண்டாவது கோல் ஜர்னைல் சிங். 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கினோம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்கப்புறம் நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை.

தைரியத்துக்காக இந்தக் கதையைச் சொல்வார்கள். தலையில் தையலோடு பிள்ளைகளை ஆட விடுகிற காலம் இது இல்லை, அதனால் அந்தப் பகுதியை விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்தது வேறு. எத்தனையோ ஃபார்வேர்டுகளை மறித்துப் பழகிய ஒருவருக்கு, எந்த நேரத்தில் பேக் தடுமாறுவான், எந்த இடத்தில் அவன் கண் பின்தங்கும் என்பதெல்லாம் உடம்பிலேயே பதிந்திருக்கும். அதை அப்படியே திருப்பிப் போட்டார் என்று நினைக்கிறேன். என் ஊகம்தான். ஆனால் பிள்ளைகளோடு வேலை செய்யச் செய்ய இந்த ஊகம் பலப்பட்டுக்கொண்டே வருகிறது. கோல் அடிக்கக் கற்பதும் அடியைத் தடுக்கக் கற்பதும் ஒரே பாடம். நாம்தான் அதைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்து வைத்துக்கொண்டோம்.

நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் பிரித்தேன். ஷூட்டிங் பயிற்சி என்றால் 20 பிள்ளைகளை ஒரே கோலுக்கு முன்னால் வரிசையில் நிறுத்துவேன். நான் பந்தை உருட்டிவிட, ஒவ்வொருவராக ஓடிவந்து அடிப்பார்கள். பார்க்க ஜோராக இருக்கும். பெற்றோர்கள் செல்போனில் படம் பிடிப்பார்கள். ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு அடிக்கு, பந்தை எடுத்துவருவதையும் சேர்த்து, 15 வினாடி. 20 பேர் என்றால் ஒருவனுக்கு மறுபடி முறை வர 5 நிமிஷம். அரை மணி நேரப் பயிற்சியில் ஒரு பிள்ளை ஆறே ஆறு தடவை பந்தை உதைக்கிறான். மீதி நேரம் முன்னால் நிற்கிறவனின் சட்டையை இழுத்துக்கொண்டிருக்கிறான். ரேஷன் கடை வரிசையில் நின்றாலாவது கடைசியில் அரிசி கிடைக்கும்.

அந்த ஆறு அடியும் எதிரில் ஆளே இல்லாத அடி. ஆட்டத்தில் அப்படி ஒரு பந்து யாருக்குக் கிடைக்கும்?

சரி, உதைப்பதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பிள்ளைகள் எல்லாரும் உதைக்கிற காலைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் ஊன்றுகாலைப் பாருங்கள். வலது காலால் அடிக்கிறான் என்றால் இடது கால் பந்துக்குப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி ஊன்ற வேண்டும். அந்தப் பாதத்தின் விரல்கள் பந்து போக வேண்டிய திசையைக் காட்ட வேண்டும். ஊன்றுகால் பந்துக்கு ரொம்பப் பின்னால் நின்றுவிட்டால் உடம்பு மல்லாக்கச் சாயும், பந்து கம்பத்துக்கு மேலே ஆகாயத்துக்குப் போகும். "பலமா அடிச்சிட்டேன் சார்" என்பான். பலம் அங்கே காரணமே இல்லை. அதேபோல் அடிக்கும் கணத்தில் தலையைத் தூக்கிக் கோலைப் பார்ப்பார்கள். கோல் அங்கேயேதான் இருக்கும், ஓடிப்போகாது. பார்க்க வேண்டியது பந்தை.

அடிக்கும் காலின் கணுக்காலை இறுக்கமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இது நம் பிள்ளைகளுக்குக் கஷ்டம், ஏனென்றால் பாதிப் பேர் வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். நுனிவிரலால் குத்துவார்கள். தெருவில் அது நன்றாகவே வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் நுனிவிரல் பந்தைத் தொடுவது ஒரு புள்ளியில். கொஞ்சம் பிசகினாலும் பந்து வேறெங்கோ போகும். ஷூ கயிறு கட்டும் இடம் இருக்கிறதே, பாதத்தின் மேல்பக்கம், அங்கே பந்து முழுசாக உட்காரும். பக்கத்தில் இருந்து ஓரமாகத் தள்ளிவிடுவதற்குப் பாதத்தின் உள்பக்கம். ஒன்பது பத்து வயசுக்கு இந்த இரண்டும் போதும். பந்தை வளைத்து அடிப்பதெல்லாம் அவர்களே டிவி பார்த்து முயற்சி செய்துகொள்வார்கள், தடுக்க முடியாது.

பந்தின் அளவையும் கவனியுங்கள். பெரியவர்கள் ஆடும் 5ஆம் நம்பர் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். 8 முதல் 12 வயசுப் பிள்ளைகளுக்கு 4ஆம் நம்பர் பந்து. போன முறை ஒரு அப்பா, "மகன் வளர்ந்துடுவான் சார்" என்று பெரிய பந்தாக வாங்கிவந்தார். பள்ளிச் சீருடையை இரண்டு சைஸ் பெரிதாகத் தைக்கலாம். பந்தில் அந்தக் கணக்கு உதவாது.

கோல் கம்பத்திலும் இதே கதைதான். பெரியவர்களின் கோல் 24 அடி அகலம், 8 அடி உயரம். அதற்குள் நாலரை அடிப் பையனைக் கோல்கீப்பராக நிறுத்தினால், தலைக்கு மேலே தூக்கி அடிக்கும் ஒவ்வொரு பந்தும் கோல். பிள்ளைகள் உயரமாக அடிப்பதுதான் திறமை என்று நம்பிவிடுகிறார்கள். நாளைக்கு வளர்ந்த கோல்கீப்பர் எதிரில் நின்றால் அந்தப் பந்து அவன் கைக்கு நேராகப் போகும். அதனால் முகாமில் சின்ன கோல். தரையோடு ஓரத்துக்கு அடித்தால் கூடுதல் புள்ளி. கோல்கீப்பருக்குக் கீழே விழுந்து எடுப்பதுதான் எப்போதுமே கஷ்டம். கேரம் ஆடுகிற ஊர் இது, ஓரத்தில் இருக்கும் குழியின் அருமையை நம் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது தடுப்பதற்கு வருவோம். இங்கேதான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

பிள்ளைகளை "டிஃபெண்ட் பண்ணு" என்றால் என்ன செய்வார்கள்? பந்தை நோக்கிப் பாய்வார்கள். பந்து வைத்திருப்பவன் ஒரு சின்னத் தட்டுத் தட்டினால் போதும், பாய்ந்தவன் எங்கோ போய் நிற்பான். இதைத் திருத்துவதற்கு எனக்குக் கைகொடுத்தது கபடி. ரைடு வருபவனைப் பார்த்ததும் யாராவது பாய்வார்களா? பின்வாங்கி, குனிந்து, அவனை உள்ளே வரவிட்டு, கால் எப்போது கிடைக்கும் என்று காத்திருப்பார்கள். ஒருவன் காலைப் பிடித்ததும் பக்கத்தில் இருப்பவன் வந்து விழுவான். "அதையேதான் இங்கயும் செய்யணும், கையால பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்று சொன்னதும் பிள்ளைகள் முகத்தில் விளக்கு எரிந்தது.

பந்து எதிராளிக்குப் போகும்போது வேகமாக ஓடிப் போக வேண்டும். கடைசி மூன்று நான்கு அடியில் வேகத்தைக் குறைத்து, சின்னச் சின்ன எட்டாக வைக்க வேண்டும். ஒரு கை நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் நிற்க வேண்டும். நேருக்கு நேராக நின்றால் இரண்டு காலுக்கு நடுவில் பந்து போய்விடும், அந்த அவமானம் சாயங்காலம் வரை தீராது. அதனால் பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். அவனுக்கு வலது கால்தான் பலம் என்றால் அந்தப் பக்கத்தை அடைத்து, இடது பக்கம் போகவிட வேண்டும். முடிந்தால் ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்க வேண்டும். ஓரக்கோடு இன்னொரு டிஃபெண்டர் மாதிரி, சம்பளமும் கேட்காது.

கண் பந்தின் மேல் இருக்கட்டும். தோளும் முகமும் பொய் சொல்லும். காத்திருந்தால் ஒரு நேரம் வரும்: பந்து அவன் காலைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போகும். அப்போது எடுக்க வேண்டும். அதுவரை எடுக்காமல் நிற்பதும் ஆட்டம்தான், அந்த நேரத்தில் கூட்டாளிகள் திரும்பி வந்துவிடுவார்கள். பத்து வயசுப் பையனுக்கு இந்தப் பொறுமையைப் புரியவைப்பது லேசில்லை. பத்து வயசுப் பெண்களுக்கு வேகமாகப் புரிந்துவிடுகிறது என்பது என் அனுபவம், காரணம் கேட்காதீர்கள்.

அந்தப் பெண், ஓட முடியாது என்றவள், மூன்றாவது வாரத்தில் முகாமிலேயே வேகமாக ஓடும் பையனை நாலு தடவை தொடர்ந்து ஓரக்கோட்டுக்கு வெளியே அனுப்பினாள். ஒரு தடவைகூடப் பாயவில்லை. அவன் அழுதுவிட்டான். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி இறுதி ஆட்டத்தில் மணிப்பூரை 2-1 என்று வென்று முதல் முறையாகத் தேசியப் பட்டம் வாங்கியது. அன்று இரண்டு கோல் போட்டதைப் பேசினோம். மணிப்பூர் மாதிரி ஒரு அணியை ஒரே கோலோடு நிறுத்தியதை யார் பேசினோம்?

அதனால் இந்த வருஷம் வரிசை கிடையாது. 15 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் போடுகிறோம். இரண்டு முனையிலும் கோன் வைத்துச் சின்ன கோல், கோன் தீர்ந்துபோனால் செருப்பு. ஒருவன் அடிக்கிறான், ஒருத்தி தடுக்கிறாள். அடித்தால் ஒரு புள்ளி. பந்தைப் பறித்து எதிர்க் கோட்டைத் தாண்டினால் அதற்கும் ஒரு புள்ளி. ஒரு நிமிஷம் முடிந்ததும் இடம் மாற வேண்டும். அப்புறம் இரண்டுக்கு இரண்டு, அதில்தான் ஒருவன் மறிக்கும்போது இன்னொருவன் பின்னால் சாய்வாக நிற்பதைப் பழக்க முடியும். தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கோலுக்கு எவ்வளவு சத்தமாகக் கை தட்டுகிறீர்களோ, பந்தைப் பறித்ததற்கும் அதே சத்தம் வேண்டும். பிள்ளைகள் கைதட்டல் இருக்கும் பக்கம்தான் ஓடுவார்கள்.

தலையால் முட்டும் பயிற்சி கிடையாது. அமெரிக்காவில் 2015இலேயே பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், இங்கிலாந்தில் 2020இல் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பயிற்சியில் நிறுத்தினார்கள். நாமும் நிறுத்துகிறோம். வளரும் வயதில் முழங்கால் சில்லுக்குக் கொஞ்சம் கீழே, எலும்பில் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நடிப்பு என்று நினைக்காதீர்கள். வேகமாக வளரும்போது ஓட்டமும் உதையும் அதிகமானால் அங்கே வலி வரும். உட்கார வையுங்கள், தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று. கோட்டுக்கு வெளியே நின்று "அடி! அடி!" என்று கத்துகிறீர்கள். பாவம், அந்தப் பிள்ளை எதிரில் இருக்கும் ஆளைப் பார்ப்பானா, பக்கத்தில் தனியாக நிற்கும் கூட்டாளியைப் பார்ப்பானா, உங்கள் குரலைக் கேட்பானா? போன வருஷம் ஒரு பாட்டி தினமும் வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். பேரன் கோல் போட்டாலும் விட்டாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தண்ணி குடிச்சியா?" மே மாதச் சென்னையில் அதைவிட நல்ல பயிற்சி ஆலோசனை எனக்குத் தெரியாது.

காலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்கு முடித்துவிடுவோம். அதற்கு மேல் வெயில் தாங்காது. முழங்காலுக்குக் கீழே கட்டும் ஷின் கார்டு இல்லாமல் யாரும் கட்டத்துக்குள் இறங்க முடியாது, வாங்க முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், சில ஜோடி வைத்திருக்கிறேன்.

கடைசியாக, நகர்த்தும் கோல் கம்பம் இரண்டு இருக்கிறது. பிள்ளைகள் அதில் தொங்குவார்கள், சொன்னாலும் கேட்க மாட்டார்கள். கம்பம் சாய்ந்தால் விளைவு விபரீதமாகிவிடும். ஒவ்வொன்றின் பின்சட்டத்திலும் நான்கு மணல் மூட்டை வைக்க வேண்டும். நாளைக் காலை ஐந்தரை மணிக்கு மூட்டை தூக்க நாலு பேர் தேவை. மூன்று கை தெரிகிறது... பின்வரிசையில் அந்த அண்ணன், கையைத் தூக்கினீர்களா, தலையைச் சொறிந்தீர்களா? சரி, நாலு ஆகிவிட்டது.