கட்டடத்துக்கு முன்பே போன வேலைகள்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்கச் சிற்றூர் ரயில் நிலையங்கள் என்றதும், 'இடித்துத் தள்ளிவிட்டார்களே' என்ற ஆதங்கம்தான் முதலில் வரும். நியாயமான ஆதங்கம். ஆனால் கடப்பாரை வந்தது கடைசியில். அதற்கு முன்பே அந்த மரக் கட்டடத்துக்குள் நடந்த வேலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன. நாம் நினைவில் வைக்க வேண்டியது அந்த வேலைகளைத்தான்.

பெரும்பாலும் ஒரே அமைப்பு: ஒரு கோடியில் பயணிகள் அறை, மறுகோடியில் சரக்கு அறை, நடுவில் நிலையத்தைக் கவனிக்கும் ஏஜென்டின் அலுவலகம். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்குத் தனிக் காத்திருப்பு அறை. அந்தத் தடுப்புச் சுவரை மறைத்துவிட்டு நிலையத்தைக் கொண்டாட முடியாது. அலுவலக ஜன்னல் தண்டவாளப் பக்கம் பிதுங்கி நிற்கும். அழகுக்காக அல்ல, தந்தி மேசையில் இருந்தபடியே இரண்டு திசையையும் பார்ப்பதற்காக. கைகாட்டியை இயக்கும் நெம்புகோலும் அங்கேயே இருக்கும்.

ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் ரயில்களில் எது எங்கே ஒதுங்க வேண்டும் என்று தொலைவிலிருந்து டிஸ்பாச்சர் தந்தியில் சொல்வார். ஏஜென்ட் மெல்லிய தாள்களுக்கு இடையே கார்பன் வைத்து அதை எழுதி, எழுதியதை அப்படியே திருப்பி அனுப்புவார். டிஸ்பாச்சர் நேரம் குறித்து ஒப்புதல் தந்த பிறகுதான் அது உத்தரவு. படிவம் 31 என்றால் கையெழுத்து வாங்க வேண்டும், ரயில் நின்றாக வேண்டும். படிவம் 19 என்றால் ஓட்டத்திலேயே கொடுத்துவிடலாம்.

கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கவட்டைக் கழியின் இரு நுனிகளிலும் நூலை மாட்டி, முடிச்சில் தாளைச் செருகி, ஏஜென்ட் தடத்தோரம் உயர்த்திப் பிடிப்பார். இன்ஜினில் இருப்பவர் வளைத்த கையை நூலுக்குள் நுழைப்பார். நூல் தாளோடு போய்விடும், கழி ஏஜென்ட் கையில் நிற்கும். அடுத்த கழி, சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியான கபூஸில் வரும் கண்டக்டருக்கு. தாள் கை தவறி விழுந்தால் ரயிலை நிறுத்த வேண்டியதுதான். இதற்கு முந்தைய மர வளையத்தை, தாளை உருவிக்கொண்டு கீழே வீசிவிடுவார்கள். ஏஜென்ட் தடத்தோரம் நடந்துபோய்த் தேடி எடுக்க வேண்டும்.

1891இல் ஓஹியோவின் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதிய பிறகு ரயில் ஊழியர்களின் கடிகாரச் சோதனை கடுமையானது. வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது என்று விதி வந்தது.

பிறகு தேய்மானம். பயணிகளைக் காரும், சில்லறைச் சரக்கை லாரியும் கொண்டுபோயின. 1967இல் அஞ்சல் துறை, ஓடும் ரயிலிலேயே கடிதங்களைப் பிரித்த அஞ்சல் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியது. பல பயணிகள் ரயில்களை அந்த அஞ்சல் வருமானம்தான் தாங்கியிருந்தது. 1971 மே 1 அன்று தேசியப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் தொடங்கியபோது, எஞ்சியிருந்த நெடுந்தூரப் பயணிகள் ரயில்களில் ஏறக்குறைய பாதி மறைந்தன. பின்னர் ரேடியோவில் உத்தரவு நேரே இன்ஜினுக்கே போனது. கழி பிடிக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. ஆளில்லாத கட்டடத்துக்கு வரியும் கூரைச் செலவும் எதற்கு என்று கம்பெனிகள் கணக்குப் போட்டன. சிலவற்றை, பெயர்த்தெடுத்துப் போக வேண்டும் என்ற நிபந்தனையோடு விற்றன.

தேட விரும்புவோருக்கு ஒரு வழி சொல்கிறேன். 1913 சட்டப்படி ரயில் சொத்துகளை மதிப்பிட வரைந்த வரைபடங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களில் பல ஊர்களின் நிலையம் இருந்த இடமும் அளவும் கிடைக்கும். பழைய கால அட்டவணையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நேரத்துக்கு அருகே 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், யாராவது கொடி காட்டினாலோ இறங்க ஆள் இருந்தாலோ மட்டும் அந்த ரயில் அங்கே நின்றது என்று பொருள்.